ஹில் கண்ட்ரியில் நிலம் வாங்கியவருக்கு: மான் கூட்டத்தை வேட்டையால் பராமரிப்பது எப்படி?

டெக்சாஸில் ஆஸ்டின், சான் அன்டோனியோ பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்கள் சிலர் மேற்கே ஹில் கண்ட்ரி என்ற குன்றுப் பகுதியில் நிலம் வாங்க ஆரம்பித்திருக்கிறார்கள். வாங்கும்போது கண்ணில் படுவது ஓடையும் ஓக் மரங்களும், பொழுது சாயும் நேரத்தில் வேலியோரம் வந்து நிற்கும் வெள்ளைவால் மான்களும்தான். "எவ்வளவு மான்!" என்று சந்தோஷப்பட்டு ஒரு மூட்டை மக்காச்சோளமும் வாங்கிப் போடுவார்கள். அந்த மான்களுக்கு விலா எலும்பு தெரிகிறது, நிலத்தில் ஓர் இளமரம்கூட இடுப்புயரம் தாண்டவில்லை என்பதெல்லாம் உறைக்கக் கொஞ்ச காலம் பிடிக்கும்.

நமக்கு இதில் ஒரு மனத்தடை உண்டு. இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மானைச் சுட்டால் சிறைதான். இங்கே நிலைமை வேறு. டெக்சாஸ் நிலத்தில் சுமார் 95 சதவீதம் தனியாருடையது. ஆனால் அதில் திரியும் காட்டு மான் நில உரிமையாளருடைய சொத்து இல்லை; மாநில மக்களுடைய பொதுச் சொத்து. மான் அரசுடையது, அது மேயும் செடி உங்களுடையது. அதனால்தான் வனவிலங்குத் துறை நில உரிமையாளர்களைக் கூட்டாளிகளாக்கி, எத்தனை மானை எடுக்கலாம் என்று அனுமதி கொடுத்து வேலையை நடத்துகிறது.

மான் ஏன் இவ்வளவு பெருகியது? ஓநாய் போய்விட்டது. ஆடு வளர்த்தவர்கள் கயோட்டி என்ற சிறு ஓநாய்களையும் பெரும்பாலும் ஒழித்துவிட்டார்கள். இதற்கெல்லாம் மேலே ஸ்க்ரூவோர்ம் என்ற ஈ. பிறந்த குட்டியின் ஈரமான தொப்புளில் முட்டையிட்டு, புழு உயிரோடு சதையைத் தின்னும். ஒருகாலத்தில் மான் குட்டிகளை வாரிக்கொண்டு போனது இதுதான். கதிர்வீச்சால் மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிடும் நிலையத்தை 1962இல் தெற்கு டெக்சாஸின் மிஷன் நகருக்குப் பக்கத்தில் தொடங்கினார்கள். பெண் ஈ ஒரே ஒரு முறைதான் இணைசேரும் என்பதால் திட்டம் பலித்தது. 1980களின் தொடக்கத்தோடு டெக்சாஸில் ஈ ஒழிந்தது. மான் பெருகிவிட்டது. (2025 செப்டம்பரில் இந்த ஈ மெக்சிகோவின் சபினாஸ் இடால்கோ வரை, எல்லையிலிருந்து 70 மைலுக்கும் குறைவான தூரத்துக்கு, மீண்டும் வந்தது. புழு வைத்த புண்ணோடு எந்த விலங்கைப் பார்த்தாலும் உடனே துறைக்குச் சொல்லுங்கள்.)

ஆக, இன்று ஹில் கண்ட்ரி மானைக் குறைப்பவை பெரும்பாலும் மூன்று: துப்பாக்கி, கார், பட்டினி. முதலாவதை ஒழுங்காகச் செய்தால் மூன்றாவது குறையும்.

முதலில் செடியைப் பாருங்கள்

புதிதாக வருபவர் எல்லோரும் கொம்பைப் பார்ப்பார்கள். கொம்பை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மான் மாடு மாதிரி புல் மேய்வதில்லை. அதன் உணவில் புல் மிகச் சிறு பங்குதான். அகன்ற இலைப் பூண்டுகளும், புதர், மரங்களின் தளிரும், ஓக் கொட்டையும்தான் அதன் சாப்பாடு. எனவே நிலத்தில் மான் அதிகமா, குறைவா என்பதைச் செடியே சொல்லிவிடும்.

ஒரு மார்ச் மாதமோ ஆகஸ்டோ நிலத்தைச் சுற்றி நடந்து வாருங்கள். கிட்னிவுட், ஸ்பானிஷ் ஓக், ஹனிசக்கிள் போன்றவை மானுக்கு உயிர். அவற்றின் இளங்கன்று எங்காவது தென்படுகிறதா? பாறை இடுக்கிலோ முள்ளுக்குள்ளேயோ மட்டும் இருந்தால் மற்றதையெல்லாம் மான் தின்றுவிட்டது என்று அர்த்தம். அடுத்து லைவ் ஓக், எல்ம், ஹாக்பெர்ரி, கிரீன்பிரையர். இவை நடுத்தரம், வேறு நல்லது கிடைக்காதபோது இவற்றில் கை வைக்கும். நான்கைந்து அடி உயரம் வரை இலையே இல்லாமல், கத்தரித்துவிட்டது போல் மரங்களெல்லாம் ஒரே மட்டத்தில் நின்றால் அதுதான் மேய்ச்சல் கோடு. ஊரில் ஆடு மேயும் தோப்பைப் பார்த்தவர்களுக்கு இது பார்த்தவுடன் புரியும். கடைசியாக ஆஷ் ஜூனிபர். இங்கே எல்லோரும் அதைச் சீடர் என்பார்கள். அந்தக் கசப்பு இலையையும் மான் கடித்திருந்தால் எண்ணிப் பார்க்கவே வேண்டாம், கூட்டம் அளவு மீறிவிட்டது.

இதை நீங்கள் தனியாகச் செய்ய வேண்டியதில்லை. ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் ஊர் மாவட்டம் மாதிரி) வனவிலங்குத் துறையின் உயிரியலாளர் ஒருவர் பொறுப்பில் இருப்பார். கூப்பிட்டால் வந்து நிலத்தைப் பார்த்து ஆலோசனை சொல்வார், காசு வாங்க மாட்டார். உங்கள் நிலத்தைப் பற்றி அவர் திரட்டும் விவரங்களை வெளியிடவும் சட்டம் விடாது. அரசாங்க ஆள் என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் தயங்க வேண்டாம்.

எண்ணுவது

எத்தனை மான் இருக்கிறது என்று தெரியாமல் எத்தனை சுடலாம் என்று சொல்ல முடியாது. பரவலாக இரண்டு முறைகள்.

ஒன்று, இரவில் விளக்கடித்து எண்ணுவது. ஜூலை கடைசியிலிருந்து செப்டம்பர் நடுவரை செய்யலாம். பிக்கப்பின் பின்னால் இரண்டு பேர், ஆளுக்கொரு விளக்கு, பக்கத்துக்கு ஒருவர். வண்டி ஊர்ந்து போக வேண்டும், மணிக்கு 10 மைலைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு பத்தில் ஒரு மைலுக்கும் நிறுத்தி, இரு பக்கமும் எத்தனை கஜம் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே வழியில் குறைந்தது மூன்று இரவு ஓட்டி சராசரி எடுக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் உங்கள் பகுதி கேம் வார்டனுக்கு (வேட்டைச் சட்டத்தைக் காக்கும் அதிகாரி) ஒரு போன் போட்டுவிடுங்கள், வண்டியில் துப்பாக்கி வைக்காதீர்கள். இரவில் மான் வேட்டை குற்றம். இருட்டில் விளக்கோடு சுற்றும் வண்டியைப் பார்த்தால் அக்கம்பக்கத்தார் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

கணக்கு சுலபம். வழி 3 மைல் என்றால் 5,280 கஜம். இரு பக்கமும் சேர்த்து சராசரி 120 கஜம் தெரிந்தால், இரண்டையும் பெருக்கி 4,840ஆல் வகுங்கள்: ஏறக்குறைய 131 ஏக்கர். அதில் சராசரியாக 22 மான் கண்டால், 6 ஏக்கருக்கு ஒரு மான். நிலம் 600 ஏக்கர் என்றால் சுமார் 100 மான்.

இன்னொன்று கேமரா. அடர்ந்த சீடர் காட்டில் விளக்கு முறை பயன்படாது. 100 ஏக்கருக்கு ஒரு கேமரா, முன்னால் மக்காச்சோளம், இரண்டு வாரம். ஆண் மான்களைக் கொம்பை வைத்துத் தனித்தனியாக அடையாளம் காணலாம். மொத்தப் படங்களில் ஆணும் பெண்ணும் குட்டியும் எந்த விகிதத்தில் விழுகின்றன என்று பார்த்து, அந்த விகிதத்தைக் கொண்டு பெண் மானையும் குட்டியையும் கணக்கிடுவார்கள்.

எந்த முறையானாலும் சரி, ஆகஸ்ட், செப்டம்பரில் பகல் வெளிச்சத்தில் பார்க்கும் ஒவ்வொரு மானையும் ஆண், பெண், குட்டி என்று எழுதி வையுங்கள். அடையாளம் தெரியாததை எழுத வேண்டாம். ஒரு பெண் மானுக்கு எத்தனை குட்டி என்ற எண் இதிலிருந்துதான் வரும். நல்ல தீனி உள்ள இடத்தில் இரட்டைக் குட்டி சாதாரணம். இரண்டு பெண் மானுக்கு ஒரு குட்டிதான் செப்டம்பர் வரை தேறுகிறது என்றால் தீனி போதவில்லை என்று சந்தேகப்படலாம்.

எத்தனை எடுப்பது

மேலே சொன்ன 100 மானையே வைத்துக்கொள்வோம். ஓர் ஆணுக்கு இரண்டு பெண், பெண்ணுக்கு அரைக் குட்டி என்றால்: 25 ஆண், 50 பெண், 25 குட்டி. செடியின் நிலையைப் பார்த்துவிட்டு, சீசன் முடிந்த பிறகு 10 ஏக்கருக்கு ஒரு மான் போதும் என்று உயிரியலாளரும் நீங்களும் முடிவு செய்கிறீர்கள். அதாவது 60. எடுக்க வேண்டியது 40.

இந்த நாற்பதில் 32 பெண், 8 ஆண் என்று வையுங்கள். மிஞ்சுவது 17 ஆண், 18 பெண், 25 குட்டி. அடுத்த ஆண்டு அந்தக் குட்டிகள் வளர்ந்து இரு பக்கமும் சேர, 29 ஆணும் 31 பெண்ணும். விகிதம் கிட்டத்தட்ட சமமாகிவிட்டது. கூட்டம் குறைந்ததால் தீனி கூடி, பெண்ணுக்கு 0.6 குட்டி தேறினால் சுமார் 19 குட்டி. மொத்தம் 79, இயற்கையாகச் சாவதைக் கழித்தாலும் எழுபதை ஒட்டி நிற்கும். ஆகவே அடுத்த ஆண்டும் எடுத்தே ஆக வேண்டும். ஒரு வருஷம் கஷ்டப்பட்டுச் சுட்டுவிட்டு மூன்று வருஷம் ஓய்வெடுப்பவர்கள் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

32 பெண் மானை ஒரே சீசனில் எடுப்பது பெரிய வேலை. வேட்டைக்காரர்கள் போதவில்லை என்றால் இரண்டு ஆண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "பெண் மானைச் சுட்டால் கூட்டம் அழிந்துவிடும்" என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். மான் அரிதாக இருந்த காலத்தில் பெண் மானைத் தொடக் கூடாது என்று இருந்த கட்டுப்பாடுகளின் நினைவு அது. இன்று அந்தத் தயக்கம்தான் மான்களைப் பட்டினி போடுகிறது. மொத்தத்தில் கூட்டத்தைக் கூட்டவும் குறைக்கவும் உங்கள் பிடியில் உள்ள முக்கியமான திருகு பெண் மானின் எண்ணிக்கைதான்.

காகித வேலை

சொந்த நிலத்தில் சுடவும் ஹண்டிங் லைசென்ஸ் வேண்டும். எந்த நாளில் வாங்கினாலும் ஆண்டு லைசென்ஸ் ஆகஸ்ட் 31 வரைதான் செல்லும். 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் ஹண்டர் எஜுகேஷன் வகுப்பு முடித்திருக்க வேண்டும். டெக்சாஸில் தொடர்ந்து ஆறு மாதம் குடியிருந்தால் உள்ளூர்க் கட்டணம். இல்லையென்றால் பல மடங்கு.

எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தரம் படியுங்கள். தற்காலிக விசாவில் உள்ளவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் ஹண்டிங் லைசென்ஸ் இருந்தால் விலக்கு உண்டு. லைசென்ஸ் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. நண்பர் துப்பாக்கியைச் சும்மா கையில் வாங்கிப் பார்ப்பதற்கு முன்னால்கூட உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வில்லும் அம்பும் துப்பாக்கிக் கணக்கில் வராது. வில் வேட்டைக்குத் தனிச் சீசனே செப்டம்பர் கடைசி வாக்கில் தொடங்குகிறது, அதற்குரிய அனுமதி முத்திரையை மட்டும் சேர்த்து வாங்க வேண்டும். இது எதுவும் வேண்டாம் என்றால் வேட்டைக்காரர்களுக்கு நிலத்தை லீசுக்கு விடலாம், ஆனால் அதற்கு நீங்கள் லீஸ் லைசென்ஸ் எடுக்க வேண்டும். லீஸ் பத்திரத்தில் எத்தனை பெண் மான் எடுத்தே ஆக வேண்டும் என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் அவர்கள் கொம்பை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பொதுச் சீசன் நவம்பர் முதல் சனிக்கிழமை தொடங்கும்; ஹில் கண்ட்ரி அடங்கிய வடக்கு மண்டலத்தில் ஜனவரி முதல் ஞாயிறு வரை. ஹில் கண்ட்ரியின் பல கவுண்டிகளில் ஒருவருக்கு ஐந்து மான், அதில் ஆண் இரண்டுக்கு மேல் கூடாது. மற்ற கவுண்டிகளில் பெண் மானுக்குச் சில நாட்கள் மட்டுமே கொடுப்பதும் உண்டு, ஆகவே அந்தந்த ஆண்டு விதிப்புத்தகத்தில் உங்கள் கவுண்டியைத் தேடிப் பாருங்கள்.

40 மான் எடுக்க வேண்டியவருக்கு இந்த அளவு பத்தாது. அதற்குத்தான் மேனேஜ்டு லேண்ட்ஸ் டியர் புரோகிராம், சுருக்கமாக எம்.எல்.டி.பி. டேக்கை (சுட்ட மானில் கட்டும் அனுமதிச் சீட்டு) ஆளுக்கு இல்லாமல் நிலத்துக்குக் கொடுப்பார்கள். சீசனும் பிப்ரவரி கடைசி நாள் வரை நீளும். இதில் இரண்டு வழி. ஹார்வெஸ்ட் ஆப்ஷனில் துறையே ஒரு பொதுக் கணக்கு போட்டு டேக் தந்துவிடும், உயிரியலாளர் வர வேண்டியதில்லை. கன்சர்வேஷன் ஆப்ஷனில் உங்கள் எண்ணிக்கை, உங்கள் நிலம் இவற்றைப் பார்த்து டேக் தருவார்கள். பதிலுக்கு நீங்கள் வாழிடத்தை மேம்படுத்தும் வேலைகளைச் செய்து கணக்குக் காட்ட வேண்டும். புதியவருக்கு இரண்டாவதுதான் நல்லது என்பது என் எண்ணம், வேலை கூடுதல் என்றாலும். அதற்கு விண்ணப்பத்தை ஜூன் நடுவுக்குள் முடித்துவிடுங்கள்.

ஒரு இணை லாபம்: 1995இல் டெக்சாஸ் வாக்காளர்கள் ஏற்ற அரசியல் சட்டத் திருத்தத்தால், விவசாய மதிப்பீட்டில் உள்ள நிலத்தை அதே குறைந்த வரியோடு வனவிலங்குப் பராமரிப்புக்கு மாற்றலாம். சட்டம் சொல்லும் ஏழு வேலைகளில் குறைந்தது மூன்றைச் செய்ய வேண்டும். ஆகஸ்டில் செய்த எண்ணிக்கை அதில் ஒன்று. தண்ணீர்த் தொட்டி, சீடர் வெட்டுவது மற்ற இரண்டாகலாம்.

எந்த மானை, எப்போது

பெண் மானைச் சீசனின் முதல் வாரங்களிலேயே எடுங்கள். ஜனவரிக்குத் தள்ளிப்போட்டால் அவை உங்கள் நிலத்து ஓக் கொட்டையையெல்லாம் தின்று தீர்த்த பிறகு சுடுகிறீர்கள். போகப் போக மானும் உஷாராகிவிடும்.

தனியாக வரும் கொம்பில்லாத மானைச் சுட வேண்டாம். அநேகமாக அது இந்த ஆண்டுப் பிறந்த ஆண் குட்டி. குட்டிகள்தான் பயமில்லாமல் முதலில் வெளியே வரும். இரண்டு மூன்று சேர்ந்து நிற்கும்வரை காத்திருந்தால் அளவு ஒப்பிடலாம். வளர்ந்த பெண்ணுக்கு முகம் நீளம், காதுகளுக்கு நடுவே தலை உருண்டையாக இருக்கும். ஆண் குட்டிக்கு முகம் குட்டை, நெற்றி தட்டை. தொலைநோக்கியில் பார்த்தால் பொத்தான் போல இரண்டு புடைப்பு தெரியும்.

ஆண் மானில் பொறுமைதான் எல்லாம். வயது, தீனி, மரபு மூன்றும் சேர்ந்துதான் கொம்பு. பெரும்பாலான ஆண் மானுக்குக் கொம்பு உச்சத்துக்கு வருவது ஐந்து வயதுக்கு மேல். ஒன்றரை வயது மான் நீண்ட காலும் மெல்லிய கழுத்துமாக, கொம்பு வைத்த பெண் மான் போலிருக்கும். மூன்றரையில் நெஞ்சு அகலும், இடுப்பு இன்னும் ஒல்லி. ஐந்தரையில் கழுத்தும் நெஞ்சும் ஒன்றாகி, வயிறு தொங்கி, கால் குட்டையானது போல் தோன்றும். இளசுகளை விட்டுவிடுங்கள். சில கவுண்டிகளில் இது சட்டமே: கொம்பின் உள் அகலம் 13 அங்குலமாவது இருக்க வேண்டும், அல்லது ஒரு கொம்பாவது கிளையில்லாமல் இருக்க வேண்டும். காதை விறைத்து நிற்கும் மானின் இரு காது நுனிக்கும் இடையே கிட்டத்தட்ட அந்த 13 அங்குலம் இருக்கும். அதைக் கொண்டு மட்டுக்கட்டலாம்.

"மோசமான கொம்பை அழித்தால் நல்ல வித்து மிஞ்சும்" என்று நிறையப் பேர் சொல்வார்கள். கெர் கவுண்டியின் அரசு ஆய்வு நிலையத்தில் அடைப்புக்குள் செய்த சோதனைகளில் மரபு முக்கியம் என்று தெரிந்தது உண்மை. ஆனால் தெற்கே கோமஞ்சி பண்ணையில் வெட்டவெளி மான்களிடம் பல ஆண்டுகள் கடுமையாகக் களையெடுத்துப் பார்த்தும் கொம்பின் மரபுத் தரம் உயரவில்லை. உங்கள் தோட்டாவைப் பெண் மானுக்கு வைத்திருங்கள்.

சுடும் நாள்

சூரிய உதயத்துக்கு அரை மணி முன்னாலிருந்து மறைந்து அரை மணி வரைதான் நேரம். பாயின்ட் இருபத்திரண்டு போன்ற ரிம்ஃபயர் தோட்டா மானுக்குச் சட்டவிரோதம்; .243, .270 மாதிரி சென்டர்ஃபயர் வேண்டும். பரணை எங்கே போடுவது என்பதில்தான் பாதிப் பாதுகாப்பு: குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும், வானம் இருக்கக் கூடாது. தோட்டா வேலி தாண்டிப் போனாலே குற்றம், யாருக்கும் அடிபடாவிட்டாலும்.

மான் பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் குறி வையுங்கள். சுட்டதும் பின்னால் ஓடாதீர்கள், அரை மணி பொறுங்கள். விழுந்ததும் டேக் கட்டிவிட்டு உடனே குடலை எடுங்கள். நவம்பர் டெக்சாஸ் பகலில் வெயில் அடிக்கும். இறைச்சி 40 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே சீக்கிரம் போக வேண்டும். ஐஸ் பெட்டியில் வடிகாலைத் திறந்து வைத்தால் இறைச்சி ஊறிப்போகாது. தின்னக்கூடிய இறைச்சியை வீணாக்குவது குற்றம். உங்களுக்கு வேண்டாம் என்றால் ஹண்டர்ஸ் ஃபார் தி ஹங்ரி திட்டத்தில் சேர்ந்த கறிக்கூடங்கள் வாங்கி உணவு வங்கிக்கு அனுப்பும்.

சி.டபிள்யூ.டி. என்ற மெலிவு நோய் டெக்சாஸில் 2012இல் முதன்முதலாக ஹுவேக்கோ மலையின் மியூல் மான்களிடம் (இன்னொரு மான் இனம்) தெரிந்தது; 2015இல் மெடினா கவுண்டி வளர்ப்பு மான்களிடம். மூளை, தண்டுவடம், நிணநீர்க் கணுக்களில் தங்கும் பிரியான் என்ற உருத்திரிந்த புரதம் காரணம், மருந்து கிடையாது. மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியாகவில்லை, ஆனாலும் நோய் உறுதியான மானைச் சாப்பிட வேண்டாம் என்பதே ஆலோசனை. தலையைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மிச்சத்தைச் சுட்ட நிலத்திலேயே விடுங்கள் அல்லது புதையுங்கள். வேறெங்கும் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள்.

தாடையும் நோட்டும்

எடுத்த ஒவ்வொரு மானுக்கும் தேதி, குடல் நீக்கிய எடை, பெண்ணானால் மடியில் பால் இருந்ததா, ஆணானால் கொம்பளவு. கீழ்த்தாடை எலும்பை எடுத்து எண் எழுதி வையுங்கள். பல் தேய்மானத்தை வைத்து வயது சொல்லலாம்; தாடையில் மூன்றாவது பல் மூன்று மொட்டாக இருந்தால் அது ஒன்றரை வயது அல்லது அதற்குக் கீழ். எடையை வயதோடு சேர்த்துப் பாருங்கள். ஒன்றரை வயது மானின் எடை வருஷத்துக்கு வருஷம் ஏறினால் நிலம் தேறுகிறது. ஏறவில்லை என்றால் இன்னும் எடுக்க வேண்டும், அல்லது அந்த ஆண்டு மழை ஏமாற்றிவிட்டது.

மக்காச்சோளம் இதற்கு மாற்று இல்லை. அதில் புரதம் பத்து சதவீதத்துக்கும் கீழ். மான் வளர 16 சதவீதம் வேண்டும். பரணுக்கு முன்னால் மானை வரவழைக்க அது உதவும், அவ்வளவுதான். புரதத் தீவனம் போட்டு அளவு மீறிய கூட்டத்தைக் காப்பாற்றினால் அவை மிச்சச் செடியையும் முடித்துவிடும்.

வேலிக்கு அப்பால்

ஆண் மான் ஒரு சதுர மைலுக்கு மேலும் திரியும். அதாவது 640 ஏக்கர். உங்கள் 100 ஏக்கரில் நீங்கள் விட்டுவைத்த மூன்று வயது மான் அடுத்த வீட்டுக்காரர் சட்டியில் வேகலாம். எட்டடி உயர வேலி போடுவது ஒரு வழி, ஆனால் செலவு பயங்கரம். உள்ளே இருப்பதை நீங்கள் குறைக்கத் தவறினால் வெளியேற வழியில்லாமல் செடி சீக்கிரமே மொட்டையாகும். அதைவிட அண்டை நிலத்தாரோடு பேசி, ஒரே எண்ணிக்கை, ஒரே இலக்கு என்று சேர்ந்து நடத்தும் சங்கங்கள் இங்கே பல கவுண்டிகளில் இருக்கின்றன. கூட்டத்துக்குப் போகும்போது கொஞ்சம் மான் வறுவல் எடுத்துப் போங்கள், பேச்சு சுலபமாகும்.

கடைசியாக நம் ஊர் விருந்தாளி. ஹில் கண்ட்ரியில் புள்ளிமானைப் பார்த்தால் கனவு என்று நினைக்க வேண்டாம்; 1932இல் டெக்சாஸுக்குக் கொண்டுவந்தது, இப்போது வேலி தாண்டிக் காட்டில் பெருகிவிட்டது. வெளிமானும் நீலகாயும் இருக்கின்றன. வெள்ளைவால் மானுக்கு முற்றிய புல் சரியாகச் செரிக்காது. புள்ளிமான் பூண்டையும் தளிரையும் தின்று முடித்துவிட்டுப் புல்லுக்கு மாறிக்கொள்ளும். கெர் ஆய்வு நிலையத்தில் இதே குணமுள்ள சிகா மானை வெள்ளைவாலோடு ஒரே அடைப்பில் விட்டபோது, சில ஆண்டுகளில் வெள்ளைவால் அடியோடு இல்லாமல் போயிற்று. சட்டப்படி புள்ளிமான் அயல் கால்நடை: சீசன் கிடையாது, எண்ணிக்கை வரம்பு கிடையாது, லைசென்ஸ் மட்டும் வேண்டும். ஆகஸ்ட் எண்ணிக்கையில் அதற்குத் தனிக் கட்டம் போடுங்கள். உங்கள் 10 ஏக்கர் கணக்கில் அதையும் ஒரு வாயாகச் சேர்த்து, பிப்ரவரியில் டேக் தீர்ந்த பிறகும் அதைச் சுட்டுக்கொண்டிருங்கள்.